குண்டடி பட்ட சாத்தானும் ஒரு செல்லோவும்

மெக்சிகோவில் ஒரு மதுக்கடை. அங்கே உட்கார்ந்திருக்கும் சாத்தானை ஒருவன் சுட்டுவிடுகிறான். காயம்பட்ட சாத்தான் எழுந்து வந்து அமெரிக்க மேற்கின் ஒரு சிற்றூர்மீது போர் தொடுக்கிறான். 'மர்டர் பை டெத்' என்ற இசைக்குழு 2003இல் வெளியிட்ட ஆல்பத்தின் கதை இது. ஆல்பத்தின் பெயர் 'ஹூ வில் சர்வைவ், அண்ட் வாட் வில் பி லெஃப்ட் ஆஃப் தெம்?' யார் பிழைப்பார்கள், பிழைத்தவர்களில் மிஞ்சப்போவது என்ன என்று கேட்கும் இந்தத் தலைப்பு, 1974இல் வந்த 'தி டெக்சஸ் செயின் சா மாசக்கர்' என்ற திகில் படத்தின் விளம்பர வாசகம். குழுவின் பெயரும் சினிமாவிலிருந்து வந்ததுதான். நீல் சைமன் எழுதி ராபர்ட் மூர் இயக்கிய 1976ஆம் ஆண்டு நகைச்சுவைப் படத்தின் பெயர் அது.

திகில் படம், நகைச்சுவைப் படம், கௌபாய் கதை, பைபிளின் சாத்தான் எல்லாவற்றையும் கலந்துகட்டிய இளைஞர்களின் விளையாட்டு என்று இந்த ஆல்பத்தைத் தள்ளிவிடுவது எளிது. தள்ளவிடாமல் நம்மைப் பிடித்து நிறுத்துவது அதற்குள் ஒலிக்கும் செல்லோ. கிதார், பாஸ், டிரம்ஸ், பியானோ ஆகியவற்றுக்கு நடுவே அது அலங்காரமாக வந்துபோகவில்லை. கதையின் பாரத்தில் பாதியை அதுதான் சுமக்கிறது.

ராக் இசைக்குத் தந்திக் கருவிகள் புதியவை அல்ல. 1966இல் பீட்டில்ஸின் 'எலினார் ரிக்பி'யில் நான்கு வயலின்களும் இரண்டு வியோலாக்களும் இரண்டு செல்லோக்களும் ஒலித்தன. பீட்டில்ஸ் நால்வரில் ஒருவர்கூட அந்தப் பதிவில் கருவியைத் தொடவில்லை. அடுத்த ஆண்டு வந்த 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டில் மூன்று செல்லோக்கள். அவற்றை வாசித்தவர்கள் எழுதிக் கொடுத்ததை வாசித்து, ஊதியம் வாங்கிக்கொண்டு, ஸ்டூடியோவை விட்டுப் போன கலைஞர்கள். மர்டர் பை டெத்தின் கதை வேறு. செல்லோ வாசிக்கும் சாரா பேலியெட், பாடகரும் கிதார்க்காரருமான ஆடம் டர்லாவோடு 2000இல் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். பாட்டு முடிந்தபிறகு மேலே பூசப்பட்டதல்ல, பாட்டு உருவாகும் அறையிலேயே இருந்தது செல்லோ. இந்த வேறுபாடு காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

கன்ட்ரி இசையின் இருண்ட பக்கத்துக்கு நெடுநாள் பழக்கம் ஒன்று உண்டு. எத்தனை பெரிய கொடூரத்தைச் சொன்னாலும் சொல்பவர் குரலை உயர்த்தமாட்டார். ராக் இசையின் பழக்கமோ இதற்கு நேர் எதிர். இரண்டையும் ஒரே ஆல்பத்தில் சேர்க்க நினைப்பவர்கள், உணர்ச்சியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். இந்தக் குழு அதைச் செல்லோவிடம் ஒப்படைத்தது என்பதே என் வாதம்.

ஆல்ட்-கன்ட்ரி என்ற வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1980களில் பங்க் ராக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் சிலருக்கு நாஷ்வில்லின் மெருகேறிய கன்ட்ரி பிடிக்கவில்லை. அவர்கள் தங்கள் தாத்தா காலத்து இசைத்தட்டுகளைத் தேடிப் போனார்கள். இல்லினாய் மாநிலத்தின் பெல்வில் என்ற ஊரைச் சேர்ந்த 'அங்கிள் டூபெலோ' 1990இல் வெளியிட்ட 'நோ டிப்ரெஷன்' ஆல்பம் அதன் தொடக்கப்புள்ளியாகக் கருதப்படுகிறது. தலைப்புப் பாட்டு கார்ட்டர் குடும்பத்தார் 1936இல் பாடியது. 1995இல் அதே பெயரில் ஒரு பத்திரிகையும் தொடங்கியது. இந்த வகைக்குள்ளேயே இருட்டை நாடியவர்கள் தனியாகத் திரண்டார்கள். கொலராடோவின் டென்வர் நகரில் '16 ஹார்ஸ்பவர்' குழு பான்ஜோவோடும் நரகபயத்தோடும் பாடிற்று. அதன் பாடகர் டேவிட் யூஜீன் எட்வர்ட்ஸின் தாத்தா நாசரேன் சபையின் போதகர். பேரனின் குரலில் அந்தப் பிரசங்கம் கேட்கும்.

இருட்டின் ஊற்றுக்கண் இன்னும் பின்னால், அப்பலாச்சிய மலைகளின் கொலைச்சிந்துகளில் இருக்கிறது. வட கரோலினாவில் லாரா ஃபாஸ்டர் என்ற பெண்ணைக் கொன்றதாக டாம் டூலா என்ற முன்னாள் போர்வீரன் 1868இல் ஸ்டேட்ஸ்வில் ஊரில் தூக்கிலிடப்பட்டான். ஊரார் அவனைப் பற்றிக் கட்டிய பாட்டு தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1958இல், கிங்ஸ்டன் டிரையோ பாடி அமெரிக்காவின் முதலிடத்துக்கு வந்தது. இங்கிலாந்தின் தெருக்களில் துண்டுப்பிரசுரமாக விற்ற இன்னொரு கொலைச்சிந்து கடல் கடந்து, ஊர்ப்பெயர் மாறி, 'நாக்ஸ்வில் கேர்ள்' ஆயிற்று. லூவின் சகோதரர்கள் அதை 1956இல் 'டிராஜிக் சாங்ஸ் ஆஃப் லைஃப்' ஆல்பத்தில் பாடியிருக்கிறார்கள். ஒருவன் தன் காதலியை உலாவ அழைத்துப் போகிறான், அடித்தே கொல்கிறான், ஆற்றில் வீசுகிறான். ஏன் கொன்றான் என்று பாட்டு சொல்வதில்லை. உடையில் என்ன இரத்தம் என்று தாய் கேட்கும்போது மூக்கில் வந்தது என்கிறான். இத்தனையையும் சகோதரர்கள் இருவரும் ஒட்டி இழைந்த தேன்குரலில், மூன்றெண்ணிக்கைத் தாளத்தில், கல்யாண வீட்டில் ஆடத்தகுந்த நடையில் பாடுகிறார்கள். குரலில் நடுக்கம் இல்லை, கண்டனம் இல்லை. கேட்டு முடித்தபிறகுதான் நமக்குக் கை சில்லிடுகிறது.

இந்த அடக்கம் தற்செயலாக அமைந்ததல்ல. பாடுபவர் அழுதுவிட்டால் கேட்பவருக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்பது அந்த மரபுக்குத் தெரியும். வில்லி நெல்சன் 1975இல் வெளியிட்ட 'ரெட் ஹெடெட் ஸ்ட்ரேஞ்சர்' இந்தப் பாடத்தை ஒரு முழு ஆல்பத்துக்கு விரித்தது. மனைவியைக் கொன்றுவிட்டுத் திரியும் ஒரு போதகரின் கதை, டெக்சஸின் கார்லண்ட் ஊரில் இருந்த ஒரு ஸ்டூடியோவில், மிகக் குறைந்த கருவிகளோடு பதிவாயிற்று. மாதிரிப் பதிவைக் கொண்டுவந்துவிட்டாரோ என்று கொலம்பியா நிறுவனத்தார் ஐயப்படும் அளவுக்கு அது எளிமையாக இருந்தது. ஒரே கதையைப் பாட்டுப் பாட்டாகச் சொல்லும் கன்ட்ரி ஆல்பங்களைப் பற்றி எழுதும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. 2003இன் சாத்தான் கதைக்கும் அது மூத்த உறவு.

சாத்தானுக்கும் இந்த இசையில் நீண்ட வம்சாவளி இருக்கிறது. அதே லூவின் சகோதரர்கள் 1959இல் 'சேட்டன் இஸ் ரியல்' என்று ஒரு பக்தி ஆல்பம் வெளியிட்டார்கள். அதன் அட்டைப்படத்துக்காக அண்ணன் ஐரா லூவின் ஒட்டுப்பலகையில் 12 அடி உயரச் சாத்தானை வடிவமைத்தார். ஒரு கல்குவாரியில் அதை நிறுத்தி, டயர்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கொளுத்தி, எரிகிற நெருப்புக்கு முன்னால் சகோதரர்கள் இருவரும் வெள்ளை உடையில் கைகளை விரித்து நின்றார்கள். இன்று பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அவர்கள் மனதாரச் செய்தது அது. அவர்களுக்குச் சாத்தான் எதிரி, எச்சரிக்கை. இருபது ஆண்டு கழித்து 1979இல் சார்லி டேனியல்ஸ் குழுவின் 'தி டெவில் வென்ட் டவுன் டு ஜார்ஜியா'வில் சாத்தான் ஃபிடில் போட்டிக்கு வந்து ஒரு கிராமத்துப் பையனிடம் தோற்றுப் போகிறான். அங்கே அவன் போட்டியாளன்.

மர்டர் பை டெத்தின் சாத்தான் இந்த இரண்டு வகையிலும் சேர்வதில்லை. முதலில் சுடப்படுகிறவன் அவன். அதற்குப் பிறகு ஊருக்கு நேர்வது எல்லாம் பழிவாங்கல். தீமை வெளியிலிருந்து வந்து ஊரைத் தாக்கிற்று என்று சொல்ல முடியாதபடி கதை அமைக்கப்பட்டிருக்கிறது. முதல் குண்டு மனிதன் கையிலிருந்து போனது. ஆல்பத்தின் தலைப்பில் உள்ள கேள்வியின் இரண்டாம் பாதி, பிழைத்தவர்களில் மிஞ்சுவது என்ன என்பது, இந்த அமைப்பினால்தான் கனம் பெறுகிறது. திகில் படத்தின் விளம்பரத்தில் அது உடலைப் பற்றிய கேள்வி. இங்கே அது மனசாட்சியைப் பற்றியது.

சாத்தானோடு ஃபிடில் சேர்ந்தே வருவதைக் கவனிக்கலாம். கிராமத்து நடனங்களில் ஒலித்த ஃபிடிலைப் பிசாசின் கருவி என்று கண்டிப்பான சபையினர் ஒதுக்கினார்கள். அதன் பெரிய உறவான செல்லோவுக்கு இந்தக் கெட்ட பெயர் ஒட்டவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நியூ இங்கிலாந்தின் சிற்றூர்த் தேவாலயங்களில், ஆர்கன் வாங்க வசதியில்லாத இடங்களில், பாடகர் குழுவுக்குச் சுருதி கொடுக்கச் செல்லோவைப் போன்ற ஒரு கருவியைத்தான் வைத்திருந்தார்கள். சர்ச் பாஸ் என்று அதற்குப் பெயர். நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஆபிரகாம் பிரெஸ்காட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றைச் செய்து விற்றவர்களில் பெயர்பெற்றவர். அவர் கையால் செய்யப்பட்ட கருவிகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆடுவதற்குத் தோதில்லாத, பெரும்பாலும் உட்கார்ந்து வாசிக்கப்படும், மனிதக் குரலின் உயரத்திலேயே ஒலிக்கும் கருவி என்பதால் அதற்கு வழிபாட்டில் இடம் கிடைத்தது.

ஆர்மோனியமும் ஆர்கனும் பரவியபின் செல்லோ அமெரிக்க நாட்டுப்புறத்திலிருந்து பெரும்பாலும் மறைந்து, கச்சேரி அரங்கின் கருவியாக எஞ்சியது. எனவே சாத்தானைப் பற்றிய ஒரு கன்ட்ரி ராக் ஆல்பத்தில் ஃபிடில் இருக்க வேண்டிய இடத்தில் செல்லோ இருப்பதை வெறும் விநோதம் என்று என்னால் பார்க்க முடியவில்லை. டர்லாவும் பேலியெட்டும் பழைய தேவாலயங்களை மனத்தில் வைத்து இதைச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிசாசின் கருவி ஒலித்திருந்தால் கதை சாத்தான் பக்கம் சாய்ந்திருக்கும். செல்லோவோ ஊர்க்காரர்கள் பக்கம் நிற்கிறது.

செல்லோ இந்தக் குழுவின் கைக்கு வந்ததற்கு அதன் ஊரும் ஒரு காரணம். குழு உருவான இந்தியானா மாநிலத்தின் புளூமிங்டன் ஒரு பல்கலைக்கழக ஊர். இந்தியானா பல்கலைக்கழகத்தின் இசைப்பள்ளியில் ஹங்கேரியில் பிறந்த மாபெரும் செல்லோக் கலைஞர் யானோஷ் ஷ்டார்க்கர் 1958இலிருந்து பல்லாண்டு கற்பித்தார். அப்படிப்பட்ட ஊரில் முதுகில் செல்லோப் பெட்டியைச் சுமந்துகொண்டு போகும் மாணவரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதே ஊரில் 'சீக்ரெட்லி கனேடியன்' என்ற இசை நிறுவனமும் இருந்தது. ஜேசன் மோலினாவின் 'மேக்னோலியா எலெக்ட்ரிக் கோ.' ஆல்பத்தை அந்நிறுவனம் இதே 2003இல் வெளியிட்டது. இருண்ட கன்ட்ரி ராக்கின் இரண்டு முக்கியமான பதிவுகள் ஒரே ஆண்டில் ஒரே ஊரோடு தொடர்புகொண்டிருக்கின்றன. மோலினாவின் ஆல்பத்தில் அழுகையைத் தாங்குவது ஸ்டீல் கிதார். இவர்களிடம் அது செல்லோ.

மர்டர் பை டெத்தின் முதல் இரண்டு ஆல்பங்களை வெளியிட்டது நியூ ஜெர்சியின் 'ஐபால் ரெக்கார்ட்ஸ்'. கன்ட்ரிக்கும் அந்த நிறுவனத்துக்கும் சம்பந்தம் இல்லை. 'தர்ஸ்டே', 'மை கெமிக்கல் ரொமான்ஸ்' ஆகிய குழுக்களின் முதல் ஆல்பங்களை வெளியிட்ட, தொண்டை கிழியக் கத்தும் இளைஞர்களின் நிறுவனம் அது. ஆக இவர்கள் கன்ட்ரிக்குள் வந்த வழி நாஷ்வில் அல்ல, டெக்சஸும் அல்ல. மேற்கத்தியப் படங்களிலிருந்தும் கத்தல் இசையின் மேடைகளிலிருந்தும் வந்தார்கள். கிதார், பாஸ், டிரம்ஸ், பியானோ, செல்லோ என்ற அந்த ஐவர் அமைப்பில் பான்ஜோவோ ஃபிடிலோ பெடல் ஸ்டீலோ வாசிக்கத் தனி ஆள் கிடையாது. கன்ட்ரி என்று காட்டும் அடையாளக் கருவி ஒன்றும் கையில் இல்லாமல் ஒரு கன்ட்ரிக் கதையைச் சொல்ல முனைந்தார்கள். அங்கேதான் செல்லோவின் உடற்கூறு உதவிக்கு வந்தது.

அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். செல்லோவுக்கு நான்கு தந்திகள், ஒன்றுக்கொன்று ச-ப இடைவெளியில் சுருதி கூட்டப்படுபவை. அடித்தந்தி நொடிக்கு ஏறக்குறைய 65 முறை அதிர்கிறது, மேல்தந்தி 220 முறை. கிதாரின் அடித்தந்தி 82இல் தொடங்குகிறது, பாஸ் கிதாரின் அடித்தந்தி 41இல். அதாவது செல்லோ பாஸுக்கும் கிதாருக்கும் நடுவே உட்கார்ந்து இருபக்கமும் கை நீட்டுகிறது. அதன் நடுத்தந்திகள் ஒலிக்கும் இடமோ ஆண்குரல் பாடும் இடமேதான். தடித்த குரலுள்ள ஒருவர் பாடும்போது செல்லோ அவர் பாதையிலேயே குறுக்கே நிற்கும். அவருக்கு வழிவிட்டு மேலே ஏற வேண்டும், அல்லது அவர் காலடிக்குக் கீழே இறங்க வேண்டும். செல்லோவை வைத்துக்கொண்டு பாட்டுக்கட்டும் குழு ஒவ்வொரு அடியிலும் இந்த முடிவை எடுத்தாக வேண்டும்.

அடுத்தது ஒலி நீளும் விதம். பான்ஜோவையும் கிதாரையும் மாண்டலினையும் மீட்டியதும் ஒலி பிறந்து உடனே தேயத் தொடங்கிவிடுகிறது. வில்லால் இழைக்கப்படும் தந்தியில் அப்படி இல்லை. ரோசின் பூசிய குதிரைமயிர் தந்தியைப் பற்றி இழுக்கிறது, தந்தி வழுக்கி விடுபடுகிறது, மறுபடி மயிரில் சிக்குகிறது. அடித்தந்தியில் இந்தப் பிடியும் வழுக்கலும் நொடிக்கு 65 முறை நடக்கின்றன. தந்தியில் ஒரு கூரிய முனை உருவாகி, மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே இருப்பதை 19ஆம் நூற்றாண்டில் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்டு எழுதினார். வில் ஓடும்வரை ஒலி சாவதில்லை. வாசிப்பவர் விரும்பினால் அது வளரவும் செய்யும். கன்ட்ரி இசையில் இப்படி நீளும் ஒலியைத் தந்தவை ஃபிடிலும் பெடல் ஸ்டீலும். பெடல் ஸ்டீலின் தனிச்சிறப்பு ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் ஜாரு. மெட்டுகள் (ஃப்ரெட்) இல்லாத செல்லோவுக்கும் அது இயல்பாக வரும். ஆகவே பெடல் ஸ்டீலின் அழுகையையும் ஃபிடிலின் நீட்சியையும் செல்லோ ஒன்றாகத் தர முடிகிறது, ஃபிடிலைவிட ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும் கீழே நின்றுகொண்டு. கன்ட்ரியின் அடையாளக் கருவி ஒன்றும் இல்லாத குழுவில் கன்ட்ரியின் வாசம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு என் விடை இதுதான்.

மேடையில் இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. செல்லோ ஒரு பெரிய உள்ளீடற்ற மரப்பெட்டி. பக்கத்தில் பாஸ் ஒலிபெருக்கி உறுமினால், டிரம்ஸ் இடித்தால், அந்தப் பெட்டியின் மேற்பலகையும் சேர்ந்து அதிரும். தந்திகளைத் தாங்கும் குதிரையில் பொருத்திய பிக்கப் அந்த அதிர்வையும் எடுத்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும். அது மறுபடி பெட்டியை அதிரவைக்கும். சில நொடிகளில் அரங்கம் ஊளையிடும். அதைத் தடுக்க ஒலிப்பொறியாளர் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டுவார். வெட்டினால் அடித்தந்தியின் ஆழம் போய்விடும், அந்த ஆழத்துக்காகத்தானே செல்லோவை மேடையேற்றியது. ராக் குழுவோடு ஆண்டுக்கணக்கில் சுற்றி வாசிக்கும் செல்லோக் கலைஞர்கள் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு மாலையும் இந்தப் பேரத்தை முடித்துவிட்டுத்தான் வில்லை எடுக்கிறார்கள். சாரா பேலியெட் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இப்படி வாசித்தவர். அதற்குரிய மரியாதை அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

கன்ட்ரியின் பக்கத்தில் செல்லோவைக் கொண்டுவந்த முதல் ஆள் அவர் அல்ல. டெக்சஸின் பாடகர் லைல் லவெட்டுக்கு ஜான் ஹேகன் பல பத்தாண்டுகள் செல்லோ வாசித்திருக்கிறார். ஆஸ்டின் நகரின் அலெஹாந்த்ரோ எஸ்கோவெடோ 1990களில் தம் மனைவியின் மரணத்துக்குப் பின் எழுதிய பாடல்களைக் கிதாரோடும் தந்திக் கருவிகளோடும் பாடினார். துக்கத்தின் நேர்மைக்காக அந்தப் பதிவுகளை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். 1993 நவம்பரில் நியூயார்க்கில் நிர்வாணா குழு எம்டிவிக்காக மின்கிதார்களின் இரைச்சலை ஒதுக்கிவைத்து வாசித்த நிகழ்ச்சியில் லோரி கோல்ட்ஸ்டன் செல்லோவோடு உட்கார்ந்திருந்தார். அந்த நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டு பாடகர் லெட்பெல்லி வழியாக வந்த ஒரு பழைய நாட்டுப்பாடல். குழுவின் பாடகர் கர்ட் கோபேன் அதை அடங்கிய குரலில் தொடங்கிக் கடைசியில் அலறி முடித்தார். பழைய கொலைச்சிந்தின் அடக்கமும் ராக்கின் அலறலும் ஒரே பாட்டுக்குள் மோதிக்கொண்டதைப் பிறகு ஏராளமானோர் கேட்டார்கள். பத்தாண்டு கழித்து புளூமிங்டன்காரர்கள் எதிர்கொண்டதும் அதே மோதல்தான்.

2003 ஆல்பத்தில் அவர்கள் அதை முழுவதும் தீர்த்துவிடவில்லை. டர்லாவின் குரல் அப்போது இளமையானது. பல இடங்களில் முறுக்கேறிக் கத்தலாகிவிடுகிறது. ஐபால் நிறுவனத்தின் ரசிகர்களுக்கு அது பழகிய குரல். 'தி டெவில் இன் மெக்சிகோ' என்ற முதல் பாட்டிலிருந்தே கதைசொல்லியின் நிதானமும் மேடைக் கத்தலும் மாறிமாறி வருகின்றன. செல்லோ அங்கே மூன்று வேலை செய்கிறது. குறுகிய வில்லடிகளால் தாளக் கிதாரின் இடத்தை எடுத்துக்கொண்டு பாட்டை ஓட்டுகிறது. சில இடங்களில் குரலுக்கு அடியில் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்கிறது, சுருதிப்பெட்டியைப் போல. பாடகர் வாய்மூடும் இடைவெளிகளில் தானே மெட்டை எடுத்துப் பாடுகிறது. ஆல்பத்தில் என்னை இன்னும் பிடித்து வைத்திருப்பவை இந்த மூன்றாவது வகை இடங்கள். குரல் கத்தும்போது நமக்குச் சாத்தானின் கோபம் மட்டும் தெரிகிறது. குரல் ஓய்ந்து செல்லோ எழும்போதுதான் ஊரில் செத்தவர்களைப் பற்றி நினைக்கத் தோன்றுகிறது. 'த்ரீ மென் ஹேங்கிங்' போன்ற பாட்டில் பாடகர் வருந்த வேண்டிய வருத்தத்தைச் செல்லோ வருந்துகிறது.

குறை இல்லாமல் இல்லை. கதை நடுவில் தொய்கிறது. யார் பேசுகிறார்கள், சாத்தானா ஊர்க்காரரா என்பது சில பாட்டுகளில் தெளிவில்லை. 'கில்பாட் 2000' போன்ற தலைப்புகள் அந்தக் காலத்துக் கல்லூரி விளையாட்டு, கதைக்குப் பொருந்தாதவை. டிரம்ஸும் கத்தலும் ஒன்றாக ஓங்கும் இடங்களில் செல்லோ அடியில் அமுங்கிப் போகிறது.

அதன்பின் நடந்ததுதான் என் வாதத்துக்கு வலுச்சேர்ப்பது. அடுத்த ஆல்பமான 'இன் போக்கா அல் லூபோ' 2006இல் வந்தது. தயாரித்தவர் ஜே. ராபின்ஸ். தாந்தேயின் 'தெய்வீக நாடக'த்தை மனத்தில் கொண்டு பாவத்தையும் குற்றவுணர்வையும் பாடும் ஆல்பம் இது. ஒரு பாட்டுக்கு ஒரு பாவி. பியானோ வாசித்த வின்சென்ட் எட்வர்ட்ஸ் இதற்குள் குழுவைவிட்டு விலகியிருந்தார். பியானோ போனதும் நடுவில் ஒரு பெரிய வெற்றிடம். அதைச் செல்லோ நிரப்ப வேண்டியதாயிற்று. அதே நேரத்தில் டர்லாவின் குரல் கீழே இறங்கிவிட்டது. ஜானி கேஷை நினைவூட்டும் தடித்த, நிதானமான குரல். இளைஞனின் தொண்டை வயதால் கனத்தது என்று மட்டும் இதை விளக்கிவிடலாம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. உணர்ச்சியைக் காட்டும் பொறுப்பு செல்லோவுக்கு முழுமையாகப் போய்ச் சேர்ந்ததால் பாடகருக்கு அடக்கமாக இருக்கும் சுதந்திரம் கிடைத்தது என்று நினைக்கிறேன். லூவின் சகோதரர்கள் 1956இல் பாடிய இடத்துக்கு, அந்தக் கொலைச்சிந்துகளின் சலனமற்ற கதைசொல்லியிடம், இந்தக் குழு சுற்றுவழியாக வந்து சேர்ந்தது.

2008இல் வேக்ரன்ட் நிறுவனம் வெளியிட்ட 'ரெட் ஆஃப் டூத் அண்ட் க்ளா'வில் இது முழுமை பெறுகிறது. ஹோமரின் ஒடிசியைப் போல வீடு திரும்பும் ஒருவனின் பயணம், ஆனால் நாயகன் நல்லவன் அல்ல. தயாரிப்பாளர் டிரினா ஷூமேக்கர், சிறந்த ஒலிப்பதிவுக்கான கிராமி விருதைப் பெற்ற முதல் பெண். அவர் கையில் செல்லோ முதன்முறையாக அதற்குரிய அகலத்தோடு ஒலிக்கிறது. பாஸுக்கும் குரலுக்கும் இடையே தனி இருக்கை போட்டு உட்காரவைத்ததுபோல் எல்லாம் துலக்கமாகக் கேட்கின்றன. அந்த ஆல்பத்தில் 'தீம்' என்று ஒரு வாத்திய இசை, எனியோ மோரிகோனேவுக்குக் காணிக்கையாக. மோரிகோனே 1960களில் செர்ஜியோ லியோனேயின் படங்களுக்கு இசையமைத்தபோது எட்டா டெல்லோர்சோ என்ற பாடகியைச் சொற்களே இல்லாமல் பாடவைத்தார். திரையில் துப்பாக்கிக்காரர்கள் முகத்தசை அசையாமல் நிற்க, அவர்கள் காட்டாத எல்லாவற்றையும் அந்தச் சொல்லில்லாக் குரல் பாடிற்று. மர்டர் பை டெத்தின் செல்லோ எந்தப் பள்ளியில் படித்தது என்பதற்கு இந்தக் காணிக்கையைவிட நேரான சாட்சியம் வேண்டியதில்லை. அப்பலாச்சியாவின் கதைசொல்லி, லியோனேயின் துப்பாக்கிக்காரன் இருவருமே முகம் காட்டாதவர்கள். இருவருக்கும் பக்கத்தில் வேறொரு குரல் தேவைப்படுகிறது.

பிற்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2012இல் 'பிட்டர் ட்ரிங்க், பிட்டர் மூன்' ஆல்பத்துக்காக ரசிகர்களிடம் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பணம் திரட்டியபோது கேட்டதைவிட மிகக் கூடுதலாக, 1,80,000 டாலருக்கும் மேல், சேர்ந்தது. ஆல்ட்-கன்ட்ரிக்கென்றே பெயர்பெற்ற சிகாகோவின் பிளட்ஷாட் நிறுவனம் அந்த ஆல்பத்தை வெளியிட்டது. கத்தல் இசையின் வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள் கன்ட்ரியின் வீட்டிலேயே குடியேறினார்கள். ஸ்டீபன் கிங்குக்கு 'தி ஷைனிங்' நாவலின் கருவைக் கொடுத்த கொலராடோவின் ஸ்டான்லி ஹோட்டலில் குளிர்காலந்தோறும் கச்சேரி நடத்துவதும் அவர்கள் வழக்கமாயிற்று.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு 2008 ஆல்பம் எளிதில் பிடிக்கும். பாட்டுகள் கட்டுக்கோப்பானவை, குரல் தேர்ந்தது, பதிவும் தெளிவானது. அதையே முதலில் கேளுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் 2003இன் ஆல்பத்தை விட்டுவிடக் கூடாது. பாடகர் இன்னும் கத்திக்கொண்டிருக்க, பியானோ இன்னும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்க, செல்லோ தன் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதை அதில்தான் கேட்க முடியும். 2008இல் அந்தத் தேடல் முடிந்துவிட்டது.